பருந்து தன்னோடு பேசக் கற்றது

என் நாத்தனாருக்கு வேலை ஆகாயத்தில். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. பெரிய கட்டடங்கள் எழும்பும் இடத்தில் ஒற்றைக்கால் கொக்கு மாதிரி ஒரு கிரேன் நிற்குமே, அதன் உச்சியில் கண்ணாடிக் கூண்டு ஒன்று இருக்கும். அந்தக் கூண்டில் உட்கார்ந்து, இரும்புக் கம்பிக் கட்டுகளையும் கான்கிரீட் வாளிகளையும் தூக்கி, வைக்கவேண்டிய இடத்தில் வைக்கிறவர் அவர். காலையில் கோபுரத்துக்குள் இருக்கும் இரும்பு ஏணியைப் பிடித்து ஏறினால் மதியச் சாப்பாட்டுக்குத்தான் இறங்குவார். தண்ணீரைக்கூட வாய் நனையும் அளவுக்குத்தான் குடிப்பார். மேலே கழிப்பறை கிடையாது.

கூட வேலை செய்கிறவர்கள் அவருக்குப் பருந்து என்று பெயர் வைத்திருந்தார்கள். கூண்டில் இருந்தபடியே கீழே உருளும் ஒரு ஆணியைக்கூடப் பார்த்துவிடுவார் என்பது அவர்கள் நம்பிக்கை. எனக்கு அவர் அக்கா. என் வீட்டுக்காரருக்கு மூத்தவர், கல்யாணம் வேண்டாம் என்று இருந்துவிட்டவர், எங்களோடு ஒரே வீட்டில் இருக்கிறவர். எனக்குக் கல்யாணம் நிச்சயமானபோது, நாத்தனார் இருக்கும் வீடு, நாக்கில் தேள்கொடுக்கு இருக்கும், பார்த்து நடந்துகொள் என்று ஆளாளுக்கு எச்சரித்து அனுப்பினார்கள். வந்து பார்த்தால் கொடுக்கு இருந்தது உண்மைதான். ஆனால் அது கொட்டிய ஒரே ஆள் அவர்தான்.

சாயங்காலம் வேலை முடிந்து வந்து கை கால் கழுவிவிட்டுச் சாப்பாட்டு மேசையில் உட்காருவார். அன்றைக்குத் தூக்கிய சுமைகளை ஒவ்வொன்றாக மனதில் திரும்பத் தூக்குவார். இதில் அவசரப்பட்டேன், அதில் கை ஒரு இழை தவறியது, வேறு யாராவது இருந்தால் இப்படிச் செய்திருக்கமாட்டார்கள் என்று முணுமுணுப்பார். இத்தனை வருஷத்தில் அவர் கையால் ஒருவருக்கும் ஒரு கீறல் விழுந்ததில்லை. அதற்காக நிறுவனம் ஒரு விழா வைத்து மேடையேற்றிப் பாராட்டியது. வீட்டுக்கு வந்ததும், "இதெல்லாம் என் அதிர்ஷ்டத்துக்குக் குடுத்தது" என்று சொல்லிவிட்டுத் துணி மடிக்கப் போய்விட்டார்.

இப்படியே ஓடிக்கொண்டிருந்த வண்டி ஒரு பிற்பகலில் தடம் புரண்டது. பலகைக் கட்டு ஒன்றை இறக்கிக்கொண்டிருந்தபோது எங்கிருந்தோ ஒரு காற்று வந்து அதைச் சுழற்றிவிட்டது. கீழே கம்பி கட்டிக்கொண்டிருந்த ஒருவரின் தலையைத் தொட்டுவிடும் தூரத்துக்குக் கட்டு போய்விட்டுத் திரும்பியது. கீழே நின்று வாக்கி டாக்கியில் வழி சொல்லும் சிக்னல்காரர் நிறுத்தச் சொன்னார், அக்கா நிறுத்தினார், கட்டு அமைதியானது, பத்திரமாக இறங்கியது. தலை தப்பியவர் மேலே பார்த்துக் கையசைத்துச் சிரித்தாராம். தேநீர் நேரத்துக்குள் எல்லோரும் அதை மறந்துவிட்டார்கள். அக்கா மறக்கவில்லை.

அதன்பிறகு சோறு இறங்கவில்லை, தூக்கம் பிடிக்கவில்லை. குழாயை மூடினோமா, அடுப்பை அணைத்தோமா என்று திரும்பத் திரும்பப் போய்ப் பார்ப்பார். ஒரு காலையில் ஏணியில் பாதி உயரம் ஏறியவர் அங்கேயே நின்றுவிட்டார். மேலேயும் போகமுடியவில்லை, கீழேயும் வரமுடியவில்லை. கம்பியைப் பிடித்த கை பூட்டிக்கொண்டுவிட்டது. சிக்னல்காரர்தான் ஏறிப்போய், அவருக்கு ஒரு படி கீழே நின்று, முதுகுக்கு அரண் மாதிரி இரண்டு பக்கமும் ஏணியைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு காலாகச் சொல்லிச் சொல்லி இறக்கிக் கொண்டுவந்தார். அந்த மனிதர் கனத்த உடம்புக்காரர், மூட்டுவலி வேறு. அன்றைக்கு எப்படி ஏறினார் என்று அவருக்கே இன்றுவரை தெரியாது.

நிறுவனத்தின் மருத்துவர் பரிசோதித்துவிட்டு, உடம்பில் ஒன்றுமில்லை, இது பதற்றம், கவுன்சலிங் போய்வாருங்கள், சரியானதும் வேலை உங்களுக்காகவே இருக்கும் என்றார். அக்காவுக்கு அதுவும் ஒரு குற்றப்பத்திரிகையாகத்தான் கேட்டது.

முதலில் போன ஆலோசகர் இளைஞர், பொறுமைசாலி. நம்மைப் பயமுறுத்தும் எண்ணத்தை அப்படியே நம்பாமல் நிறுத்திக் கேள்வி கேட்கவேண்டும் என்பது அவர் வழி. நான் கவனமில்லாதவள் என்று மனம் சொல்கிறதா, அதற்கு என்ன ஆதாரம், எதிராக என்ன ஆதாரம் என்று எடுத்துப் பார்க்கவேண்டும். எத்தனையோ பேருக்குப் பலித்த வழி. என் வீட்டுக்காரர்கூட அதைக் கேட்டுத் தன் மேலதிகாரியைப் பற்றிய பயத்தைப் பாதி குறைத்துக்கொண்டார். ஆனால் அக்காவிடம் நடந்ததே வேறு. வாதாடும் வக்கீலும் அவர், தீர்ப்பு சொல்லும் நீதிபதியும் அவர், கூண்டில் நிற்பவரும் அவர். ஆதாரம் கேட்டால் பத்து வருஷத்துக்கு முந்தைய ஒரு சின்னத் தடுமாற்றத்தைத் தூசி தட்டி எடுத்துவருவார். எதிர் ஆதாரம் கேட்டால், "ஒண்ணும் நடக்கலங்கறது ஆதாரமா? நடக்காம தப்பிச்சதுதானே" என்பார். ஒவ்வொரு வழக்கிலும் அவரே ஜெயித்து அவரே தோற்றார்.

நடுவில் யாரோ சொன்னார்கள் என்று மூச்சுப்பயிற்சி வகுப்புக்கும் போனார். கண்ணை மூடுங்கள், அமைதியான ஒரு இடத்தை நினையுங்கள் என்றார்கள். கண்ணை மூடினால் அந்தப் பலகைக் கட்டு வந்து ஆடியது. பாய்களில் எல்லோரும் கால் நீட்டிப் படுத்திருக்க, இவர் மட்டும் கடைசிவரை கண்ணைத் திறந்தபடி கூரை விசிறியின் திருகுகள் இறுக்கமாக இருக்கின்றனவா என்று பார்த்துக்கொண்டு கிடந்தாராம். சொல்லும்போது எங்களுக்குச் சிரிப்பு வந்தது, அவருக்கும் வந்தது. அடுத்த நிமிஷமே, "ஒரு மூச்சு விடறதுகூட எனக்கு ஒழுங்கா வரல" என்றார்.

அதுதான் எங்களைத் திகைக்கவைத்தது. மருந்தையும் நோய் சாப்பிட்டுக் கொழுத்தது. கவுன்சலிங்கில் தேறவில்லை என்பதற்கும் அவர் தன்னைத் திட்டிக்கொண்டார்.

அந்த இளம் ஆலோசகரை இன்றைக்கும் நான் கையெடுத்துக் கும்பிடுவேன். தன் வழி பலிக்கவில்லை என்றதும் அவர் அக்காவைக் குறை சொல்லவில்லை, இழுத்தடிக்கவும் இல்லை. "நான் சொல்றது உங்க தலைக்குப் புரியுது. ஆனா நெஞ்சுக்குப் போய்ச் சேரல. அது உங்க தப்பு இல்ல. வேற வழி வேணும், அவ்வளவுதான்" என்று சொல்லி, தனக்குத் தெரிந்த இன்னொருவரிடம் அனுப்பிவைத்தார். தன்னைத் தானே கடிந்துகொள்கிறவர்களோடு வேலை செய்கிறவராம் அவர்.

அவருடைய அறை ஒரு சைக்கிள் பழுது பார்க்கும் கடையின் மாடியில் இருந்தது. கீழே டியூபுக்குக் காற்றடிக்கும் சத்தம் மேலே புஸ் புஸ் என்று கேட்கும். அறையில் இருந்த நாற்காலிகள் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாதவை. ஆலோசகர் நடுவயதைத் தாண்டிய பெண், மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு மேல் ஏற்றிவைத்துக்கொண்டு அதையே மேசையில் தேடுகிறவர். இவரா நம்மைக் கரையேற்றப்போகிறார் என்று வெளியே காத்திருந்த எனக்குச் சந்தேகம்தான்.

முதல் நாள் அக்கா தன் குறைகளை எல்லாம் ஒப்பித்தார். அந்த அம்மா எதற்கும் மறுப்பு சொல்லவில்லை. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, உள்ளே ஒருவர் இதையெல்லாம் சொல்கிறாரே, எந்தக் குரலில் சொல்கிறார் என்று கேட்டாராம். என்ன சொல்கிறார் என்பது வேண்டாம், தொனி மட்டும் போதும் என்றாராம். அக்காவிடம் அதுவரை யாரும் அப்படிக் கேட்டதில்லை. வெகுநேரம் யோசித்துவிட்டு, "எங்க சைட்டுல ஒரு நாய் இருக்கு. அதுகிட்டகூட நான் அந்தக் குரல்ல பேசினது கிடையாது" என்றிருக்கிறார். வீட்டுக்கு வந்து இதை எங்களிடம் சொன்னபோது, தான் சொன்ன பதிலைத் தானே நம்பாதவர் போல இருந்தார்.

சில வாரங்கள் போன பிறகு ஒருநாள், தனக்குத் துணையாக உள்ளே வரச்சொல்லி என்னைக் கேட்டார். அந்த அம்மாவும் சம்மதித்தார். சுவரோரம் ஒரு முக்காலியில் உட்கார்ந்தேன். அன்றைக்கு நான் பார்த்ததை இன்றைக்கு நினைத்தாலும் மயிர்க்கூச்செறிகிறது.

இரண்டு நாற்காலிகளை எதிரெதிராகப் போட்டார் அந்த அம்மா. ஒன்று அக்காவுக்கு. இன்னொன்று உள்ளே இருந்து திட்டுகிறவருக்கு. முதலில் திட்டுகிறவரின் நாற்காலியில் போய் உட்கார்ந்து, எதிரே காலியாக இருக்கும் நாற்காலியைப் பார்த்து, தினமும் சொல்வதை வாய்விட்டுச் சொல்லச் சொன்னார். அக்கா கூச்சப்பட்டார். நாடகம் போடுவது மாதிரி இருக்கிறது என்றார். பிறகு உட்கார்ந்தார்.

ஒரே வீட்டில் இத்தனை வருஷம் வாழ்ந்தும் நான் கேட்டிராத குரல் ஒன்று வந்தது. நீ எதுக்கும் லாயக்கில்லை, உன்னை நம்பி ஆள் நிற்கிறான், நீ கனவு கண்டுகொண்டிருக்கிறாய், ஒருநாள் இல்லை ஒருநாள் ஒருத்தன் குடும்பத்தைத் தெருவில் நிறுத்தப்போகிறாய் என்று அது கொட்டித் தீர்த்தது. அடுப்படியில் எனக்கு வெங்காயம் உரித்துக் கொடுக்கும் அதே வாயில் இருந்து அது வந்தது. இதைத் தினமும் கேட்டுக்கொண்டா இந்த மனுஷி ஏணி ஏறினார் என்று எனக்கு மலைப்பாக இருந்தது.

அந்த அம்மா குறுக்கிடவில்லை. குரல் ஓய்ந்ததும், திட்டிய நாற்காலியைப் பார்த்து, வந்த விருந்தாளியிடம் பேசுவது போல மரியாதையாகக் கேட்டார்.

"நீங்க இவங்களை ஒருநாள் திட்டாம விட்டீங்கன்னா, என்ன ஆயிடும்னு பயப்படறீங்க?"

இறுகியிருந்த அக்காவின் முகம் என் கண்ணெதிரே மெல்லத் தளர்ந்தது.

"கீழ ஆளுங்க இருக்காங்க" என்றார். குரல் சன்னமாகிவிட்டது. "நான் சும்மா இருந்தா இவ அசந்துடுவா. யாராவது செத்துடுவாங்க."

"எப்போலேர்ந்து காவல் இருக்கீங்க?"

"இவ முதல்முதல்ல மேல ஏறின நாள்லேர்ந்து."

"நடுவுல ஓய்வு எடுத்திருக்கீங்களா?"

இல்லை என்று தலையாட்டினார். கண்ணில் இருந்து நீர் தாரைதாரையாக வழிந்தது. "யாரும் எனக்கு உக்கார இடம் குடுக்கல" என்றார்.

அந்தச் சொல் அக்கா யோசித்துச் சொன்னதல்ல. சொன்ன பிறகு அவரே திடுக்கிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தார். நானும் அழுதுகொண்டிருந்தேன். எதிரி என்று நாங்கள் எல்லோரும் விரட்டப் பார்த்த ஒன்று, பயந்து நடுங்கிக்கொண்டு, கண்ணிமைக்காமல் நின்ற ஒரு காவல்காரி. ஒரு மனுஷிக்குள் இப்படி ஒருத்தி நிற்க முடியும் என்று யார் நினைத்தது? தினமும் நாம் தோளில் இடித்துக்கொண்டு போகும் ஒவ்வொரு ஆளுக்குள்ளும் என்னென்ன நிற்கிறதோ. வீடு திரும்பும்போது பேருந்தில் இருந்த முகங்களை எல்லாம் நான் ஒருவித பயபக்தியோடு பார்த்துக்கொண்டு வந்தேன்.

ஆனால் காவல்காரியை அடையாளம் கண்டுவிட்டால் போதுமா? அவள் இடத்தில் வேறு யார் பேசுவது? கனிவான குரல் ஒன்றைத் தேடிப்பிடித்துத் தன்னோடு பேசிப் பழகவேண்டும் என்றார் அந்த அம்மா. அக்கா முயற்சி செய்தார். என் செல்லமே, கவலைப்படாதே என்று கண்ணாடி முன் நின்று சொல்லிப் பார்த்தார். சர்க்கரைப்பாகு மாதிரி ஒட்டுகிறது, எனக்கே குமட்டுகிறது என்று விட்டுவிட்டார். இதுவும் கைவிட்டது என்றே நான் நினைத்தேன்.

அடுத்த முறை போனபோது, பாசமாக இருக்கவேண்டும் என்று கட்டாயமில்லை, உங்களுக்கு எந்தக் குரலைக் கேட்டால் கை நிதானமாகும் என்று அந்த அம்மா கேட்டாராம். அக்கா யோசிக்காமலே பதில் சொன்னார். வாக்கி டாக்கியில் வரும் சிக்னல்காரர் குரல்.

தரையில் அந்த மனிதர் ஒரு வாயாடி. தேநீரில் சர்க்கரை குறைந்தால் ஊரைக் கூட்டுவார். அவர் கிண்டலுக்குத் தப்பியவர்கள் அங்கே ஒருவரும் இல்லை. ஆனால் சுமை தரையை விட்டுக் கிளம்பியதும் ஆளே மாறிவிடுவார். மெதுவா, இன்னும் கொஞ்சம், காத்து இருக்கு, நில்லு, நேரம் இருக்கு, இப்ப இறக்கு. அவ்வளவுதான் பேச்சு. அக்கா இதை விவரித்துக்கொண்டே வந்தவர், "சுமை தொங்கும்போது அவர் ஒருநாளும் என்னைத் திட்டினது இல்ல" என்றார்.

அந்தக் குரலையே எடுத்துக்கொள்ளுங்கள் என்றாராம் அந்த அம்மா.

அன்றிலிருந்து அக்கா அந்தக் குரலில் பழக ஆரம்பித்தார். ஒரே நாளில் வரவில்லை. வந்த நாட்களும் உண்டு, பழைய கொடுக்கு திரும்பிய நாட்களும் உண்டு. திரும்பினால், வந்துட்டியா, உக்காரு என்று அதற்கும் இடம் கொடுக்கச் சொல்லியிருந்தார் அந்த அம்மா. சாப்பாட்டு மேசையில் ஒரு நாற்காலியைக் காலியாக விட்டுவிட்டு அக்கா சாப்பிடுவதைப் பார்த்து, யாரோ விருந்துக்கு வருகிறார்கள் என்று என் வீட்டுக்காரர் ஒருநாள் அதிகமாகச் சமைத்துவிட்டார்.

ஒரு காலையில் நான் துணி உலர்த்திக்கொண்டிருந்தபோது அடுப்படியில் கண்ணாடி டம்ளர் விழுந்து உடையும் சத்தம் கேட்டது. வழக்கமாக இதற்கு அன்றைய பொழுது முழுக்க அர்ச்சனை நடக்கும். உள்ளே இருந்து தாழ்ந்த குரல் கேட்டது. "சரி. உடைஞ்சிடுச்சு. காலைப் பாத்து வை. மெதுவா." பிறகு துடைப்பத்தின் சத்தம். ஈரத்துணியைக் கையில் வைத்தபடி நான் அங்கேயே நின்றேன். பெருக்கி முடிக்கும்வரை நகரத் தோன்றவில்லை.

இந்த நேரத்தில்தான் முதல் ஆலோசகரின் பாடமும் கைகொடுத்தது. பயப்படும் காரியத்தைச் சிறுசிறு துண்டுகளாக நறுக்கிக்கொள்ளச் சொல்லியிருந்தார் அவர். மருத்துவர் அனுமதித்ததும், அக்கா முதலில் ஏணியின் நடுநடுவே இளைப்பாற இருக்கும் தட்டுகளில் முதல் தட்டு வரை ஏறி நின்றுவிட்டு இறங்கினார். பிறகு அதற்கடுத்த தட்டு. சிக்னல்காரர் கீழே நின்று பார்த்துக்கொண்டிருப்பார். தன் குரல்தான் வைத்தியம் என்று அவருக்கும் தெரியவந்தது. உடனே, "இதை என் வீட்டுல வந்து சொல்லுங்க. என் குரலைக் கேட்டாலே ரத்தக்கொதிப்பு ஏறுதுங்கறா" என்றாராம்.

அக்கா மறுபடி கூண்டில் உட்கார்ந்து வேலை பார்க்கத் தொடங்கிக் கொஞ்ச காலம் ஆகியிருந்தது. ஒருநாள் சாப்பாட்டு டப்பாவை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போய்விட்டார். எடுத்துக்கொண்டு போனேன். வாசலில் காவலாளி என்னை நிறுத்தி, மேலே பெரிய தூக்கல் நடக்கிறது, முடியும்வரை யாரும் உள்ளே போகக்கூடாது என்றார். அண்ணாந்து பார்த்தேன். ஒரு முழு மாடிப்படி, வார்த்து எடுத்த ஒரே துண்டாக, கம்பியில் தொங்கிக்கொண்டிருந்தது. வானத்துக்குப் போகும் படிக்கட்டைப் பாதியில் வெட்டித் தொங்கவிட்டது போல.

காற்று எழுந்தது. என் முந்தானை முகத்தில் அடித்தது. மேலே அந்தப் படிக்கட்டு மெல்ல ஆடத் தொடங்கியது. காவலாளியின் இடுப்பில் இருந்த வாக்கி டாக்கியில் சிக்னல்காரரின் குரல், நில்லு, காத்திரு என்றது. ஆட்டம் நின்றுகொண்டே வந்தது. பிறகு அந்தக் கருவியில் வேறொரு குரல் வந்தது.

"பயமா இருக்கு. இருக்கட்டும். கையில நடுக்கம் இல்ல பாரு. காத்து அடங்கட்டும். அவசரமில்ல."

அக்காவின் குரல். சிக்னல்காரரிடம் பேசும் பேச்சாக அது இல்லை. காவலாளியும் நானும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். பேசுவதற்கான பொத்தானை அழுத்தியவர் விடாமலே பிடித்திருக்கிறார், தான் பேசுவது வெளியே கேட்பது அவருக்குத் தெரியவில்லை.

"நீ சொல்றது கேக்குது. கீழ ஆளுங்க இருக்காங்க, எனக்குத் தெரியும். நான் பாத்துக்கறேன். நீ உக்காரு." கொஞ்சம் இடைவெளி. காற்றின் இரைச்சல். "நல்லாத்தான் செய்யற. மெதுவா."

அங்கே வாக்கி டாக்கி வைத்திருந்தவர்கள் பலர். மேற்பார்வையாளர், மின்வேலைக்காரர்கள், மேல்மாடியில் படிக்கட்டை வாங்கக் காத்திருந்தவர்கள். எல்லோர் இடுப்பிலும் தோளிலும் அந்தக் குரல் ஒலித்தது. கலவை இயந்திரத்தை யாரோ நிறுத்தினார்கள். ஒருவர் ஏறிக்கொண்டிருந்த சாரத்திலேயே நின்றுவிட்டார். ஒருவரும் சிரிக்கவில்லை. அத்தனை பேரும் அண்ணாந்து, கண்ணாடிக் கூண்டில் ஒரு புள்ளியாகத் தெரிந்தவரைப் பார்த்தபடி நின்றார்கள். காவலாளி தன்னையும் அறியாமல் தலையில் இருந்த தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

காற்று அடங்கியது. படிக்கட்டு நகர்ந்தது, தாழ்ந்தது, பூனை பாதம் வைப்பது போலத் தன் இடத்தில் உட்கார்ந்தது. அதன்பிறகுதான் அங்கே யாரோ இருமினார்கள்.

அக்கா இறங்கி வந்ததும் சிக்னல்காரர் அவரைத் தனியே கூட்டிப்போய்ப் பொத்தான் விஷயத்தைச் சொன்னார். நான் தூரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அக்கா முகம் சிவந்தது. கண்ணை மூடினார். உதடு அசைந்தது, என்ன சொல்லிக்கொண்டாரோ தெரியாது. பிறகு என்னைப் பார்த்துவிட்டு நேராக வந்தார்.

"எல்லாரும் கேட்டீங்களா?"

கேட்டோம் என்றேன்.

"சரி. பசிக்குது, டப்பாவைக் குடு."

சிமெண்டு மூட்டைகளின் மேல் உட்கார்ந்து ஒரு பருக்கை மிச்சமில்லாமல் சாப்பிட்டார். சுற்றிலும் மற்றவர்களும் அவரவர் டப்பாவைத் திறந்தார்கள். வழக்கமாக இரைச்சல் காதைப் பிளக்கும் அந்த இடத்தில் அன்றைக்கு எல்லோரும் கொஞ்சம் தாழ்ந்த குரலில் பேசினார்கள். இளைஞர் ஒருவர் வந்து, கேட்காமலே அக்கா பக்கத்தில் ஒரு குவளைத் தண்ணீர் வைத்துவிட்டுப் போனார். அக்கா அதைக் கடைசிச் சொட்டு வரை குடித்தார்.